கையெழுத்தும் கைவிலங்கும்: ராஸ் அல் கைமாவின் நான்கு ஒப்பந்தங்கள்

வளைகுடாவுக்கு வேலைக்குப் போன எம்மவர்களில் ராஸ் அல் கைமாவை அறிந்தவர்கள் குறைவு. துபாய், அபுதாபி, ஷார்ஜா என்றால் எல்லோருக்கும் தெரியும். அவற்றுக்கு வடக்கே, மலைகளுக்கும் கடலுக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் இந்தச் சிறு எமிரேட் சீமெந்துக்கும் ஓட்டுக் கற்களுக்கும் பெயர்போனது. ஆனால் சட்டம் படிப்பவர்களிடம் கேட்டால், அவர்கள் அதை வேறொரு காரணத்திற்காக அறிந்திருப்பார்கள். ஒப்பந்தம் என்றால் என்ன, அது எப்போது செல்லும், செல்லுகின்ற ஒப்பந்தம்கூட எப்போது வெறும் கடதாசியாகிப் போகும் என்ற கேள்விகளுக்கு இந்தக் கரையின் இருநூறு வருடச் சரித்திரம் நல்ல விடைகளை வைத்திருக்கிறது. இக்கட்டுரையில் அவற்றில் நான்கை மட்டும் பார்க்கலாம். நான்காவது, எம்மைப் போன்றவர்கள் போட்ட கையெழுத்து.

முதலில் சில அடிப்படைகள். சட்டப் புத்தகங்கள் பயமுறுத்துகின்ற அளவுக்கு இது கடினமான விஷயம் இல்லை. ஒருவர் முன்வைக்க வேண்டும். மற்றவர் அதை அப்படியே ஏற்க வேண்டும். இருவரும் சட்டப்படி கட்டுப்படும் எண்ணத்தோடு பேசியிருக்க வேண்டும். இருவருக்கும் ஒப்பந்தம் செய்யும் தகுதி இருக்க வேண்டும். சிறுபிள்ளையோ சித்தசுவாதீனம் இல்லாதவரோ போடும் கையெழுத்து நிற்காது. ஒப்பந்தத்தின் நோக்கம் சட்டத்திற்கு மாறாக இருக்கக் கூடாது. சம்மதம் சுயமாக இருக்க வேண்டும். மிரட்டியோ பொய் சொல்லியோ பெற்றதாக இருக்கக் கூடாது. ஆங்கிலச் சட்டம் இவற்றோடு ஒரு கைம்மாறையும் கேட்கும்: நீ எனக்கு ஒன்று தந்தால்தான் நான் உனக்குத் தந்த வாக்கு சட்டத்தில் நிற்கும். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற உரோமன் டச்சுச் சட்டத்தைக் கொண்ட எமது நாட்டில் அவ்வளவு தேவையில்லை. நியாயமான காரணம் ஒன்று இருந்தால் போதும். இஸ்லாமியச் சட்டத்தில் ஒப்பந்தத்தைக் காப்பது மார்க்கக் கடமை. குர்ஆனின் ஐந்தாவது அத்தியாயம் அந்தக் கட்டளையுடன்தான் தொடங்குகிறது. அதே சட்டம் வட்டியையும், அளவுக்கு மிஞ்சிய நிச்சயமின்மை கொண்ட வியாபாரத்தையும் தள்ளிவிடுகிறது.

ஒப்பந்தம் கெட்டுப்போவதிலும் மூன்று வகை உண்டு. ஒன்று, தொடக்கத்திலிருந்தே வறிதானது. கொலை செய்யக் கூலி பேசியது போல. இரண்டாவது, வறிதாக்கத்தக்கது, ஏமாற்றப்பட்டவர் விரும்பினால் தள்ளிவிடலாம், விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதுதான் விசித்திரமானது. ஒப்பந்தம் முழுமையாகச் செல்லும். எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதை நிறைவேற்றுவிக்க முடியாது. காலம் கடந்துவிட்டது, எழுத்தில் இல்லை, வழக்குக் கேட்க மன்று இல்லை, தீர்ப்புக் கிடைத்தாலும் வசூலிக்க வழியில்லை. சாதாரண மனிதர்கள் அதிகம் அடிபடுவது இந்த மூன்றாவது வகையில்தான்.

1

1819 டிசம்பரில் பம்பாயிலிருந்து வந்த பிரித்தானியப் படை ராஸ் அல் கைமாவைப் பீரங்கியால் தாக்கிக் கைப்பற்றியது. மேஜர் ஜெனரல் வில்லியம் கிராண்ட் கியர் தலைமை தாங்கினார். படையில் வெள்ளையருடன் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். அல் காசிமி மாலுமிகள் கடற்கொள்ளைக்காரர்கள் என்பது கிழக்கிந்தியக் கம்பனி சொன்ன காரணம். இந்தியாவுக்கும் வளைகுடாவுக்கும் இடையிலான கடல் வியாபாரத்தைப் பிடிப்பதற்காகச் சோடித்த குற்றச்சாட்டு அது என்று ஷார்ஜாவின் ஆட்சியாளர் சுல்தான் அல் காசிமி 1986இல் வெளியிட்ட ஆய்வு நூலில் வாதிட்டார்.

1820 ஜனவரியில் ஷேக்குகள் ஒவ்வொருவராகப் பொதுச் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். பதினொரு பிரிவுகள். கொள்ளை என்றென்றைக்கும் நிறுத்தப்படும். கப்பல்கள் சிவப்பும் வெள்ளையுமான கொடியைப் பறக்கவிட வேண்டும். ஒவ்வொரு கப்பலும் பதிவுத் துண்டு வைத்திருக்க வேண்டும். அடிமைகளைக் கரையோரங்களிலிருந்து பிடித்துக் கப்பலில் ஏற்றுவதும் கொள்ளையாகவே கொள்ளப்படும் என்றொரு பிரிவும் இருந்தது. அரபு வாசகத்தை அமைப்பதில் கப்டன் பெறோனெற் தொம்சன் என்ற அதிகாரி முக்கிய பங்கெடுத்தார். முதலில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் ஹசன் பின் ரஹ்மா. உடன்படிக்கையில் அவருடைய பதவி எழுதப்பட்டிருக்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும்: ஹத், பலாயா ஆகிய இடங்களின் ஷேக், "முன்னர் ராஸ் அல் கைமாவின்" ஷேக். ஊரைப் பறித்துவிட்டு, பறித்ததை அவர் கையெழுத்துக்கு மேலேயே எழுதியும் வைத்தார்கள்.

இரண்டு வியாபாரிகளுக்கிடையில் இப்படி ஒன்று நடந்திருந்தால் எந்த நீதிபதியும் அதைத் தள்ளியிருப்பார். கழுத்தில் கத்தி வைத்துப் பெற்ற உறுதியைக் காப்பாற்றச் சொல்லும் சட்டம் எங்கும் இல்லை. ஆனால் அரசுகளுக்கிடையில் அன்றைய விதி வேறு. தோற்றவன் போடும் கையெழுத்து செல்லும் என்பதே அன்றைய சர்வதேச வழக்கம். பலாத்காரத்தால் பெறப்பட்ட உடன்படிக்கை வறிதானது என்று தெளிவாக எழுதப்பட்டது 1969ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 52ஆவது பிரிவில்தான். நூற்றைம்பது வருடம் பிந்தி.

ஆகவே 1820ஆம் ஆண்டு ஒப்பந்தம் சம்மதத்தில் பழுதானது; நிறைவேற்றுவிப்பதில் ஒரு பழுதும் இல்லை. அதன் பின்னால் போர்க்கப்பல்கள் நின்றன. 1853இல் நிரந்தரக் கடற்சமாதானம், 1892இல் வேறெந்த வல்லரசுடனும் தொடர்பு கொள்ளமாட்டோம் என்ற தனியுரிமை ஒப்பந்தம் என்று ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது. அதற்குப் பதிலாகப் பிரித்தானியா கரையைப் பாதுகாக்கும் என்பது காலப்போக்கில் இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட கைம்மாறு.

2

அந்தக் கைம்மாறு சோதிக்கப்பட்ட நாள் 1971 நவம்பர் 30. பிரித்தானியா வளைகுடாவை விட்டுப் போவதாக 1968இலேயே அறிவித்துவிட்டது. பாதுகாப்பு ஒப்பந்தங்கள் முடிவதற்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. அன்று ஈரானியப் படைகள் ராஸ் அல் கைமாவுக்குரிய பெரிய தும்பு, சிறிய தும்பு ஆகிய இரு தீவுகளிலும் இறங்கின. பெரிய தும்பிலிருந்த சிறு பொலிஸ் நிலையம் எதிர்த்தது, உயிர்கள் போயின. அன்று இறந்த ராஸ் அல் கைமாப் பொலிஸ்காரரை அமீரகம் தனது முதலாவது தியாகியாகக் கொள்கிறது. 2015 முதல் நவம்பர் 30 அங்கே நினைவு நாளாக இருக்கிறது.

ஷார்ஜாவின் கதை சற்று வேறு. அபு மூசாத் தீவு விஷயத்தில் அது ஈரானுடன் ஓர் இணக்கத்திற்கு வந்திருந்தது. ராஸ் அல் கைமாவின் ஷேக் சக்ர் பின் முகமது அத்தகைய பேரத்திற்குச் சம்மதிக்கவில்லை. ஒப்பந்தம் இன்னும் உயிரோடுதான் இருந்தது. பிரித்தானியா தலையிடவில்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1820இல் பலவந்தமாக வாங்கிய கையெழுத்து நூற்றைம்பது வருடம் இறுக்கமாக நிறைவேற்றப்பட்டது. அதற்குக் கிடைக்க வேண்டிய கைம்மாறு, தேவைப்பட்ட நாளில், காலாவதியாக ஒரு நாள் இருக்கையில், கிடைக்கவில்லை. ஷேக் எந்த மன்றில் வழக்குப் போட முடியும்? 1971 டிசம்பர் 2இல் ஆறு எமிரேட்டுகள் சேர்ந்து ஐக்கிய அரபு அமீரகம் பிறந்தபோது ராஸ் அல் கைமா வெளியே நின்றது. 1972 பெப்ரவரியில்தான் ஏழாவதாக உள்ளே வந்தது. தீவுகள் இன்றும் ஈரானிடம் இருக்கின்றன.

3

மூன்றாவது கதை எண்ணெயைப் பற்றியது. அதற்கு முன் அபுதாபியில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். 1939இல் ஷேக் ஷக்பூத் ஒரு பிரித்தானியக் கம்பனிக்கு எழுபத்தைந்து வருடத்திற்கு எண்ணெய் உரிமை கொடுத்தார். கடலுக்கடியிலுள்ள நிலமும் அதில் அடங்குமா என்று பின்னர் தகராறு வந்தது. 1951இல் அஸ்குவித் பிரபு நடுத்தீர்ப்பாளராக இருந்து விசாரித்தார். ஒப்பந்தம் செய்யப்பட்டதும் நிறைவேற வேண்டியதும் அபுதாபியில். ஆகவே அந்த நாட்டுச் சட்டமே பொருந்த வேண்டும் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் நவீன வர்த்தகப் பத்திரங்களை விளக்கக்கூடிய சட்டத் தொகுதி எதுவும் அங்கே இருப்பதாகக் கருத முடியாது என்று சொல்லி, நாகரிக நாடுகளுக்குப் பொதுவான கோட்பாடுகளைப் பிரயோகித்தார். அந்தக் கோட்பாடுகள் பெரும்பாலும் ஆங்கிலச் சட்டத்தின் முகச்சாயலிலேயே இருந்தன. கரையை ஒட்டிய கடல் கம்பனிக்கு, அதற்கப்பாலுள்ள கண்டத்திட்டு ஷேக்கிற்கு என்பது தீர்ப்பு. ஷேக்கிற்கு இலாபம்தான். ஆனால் "உங்களிடம் சட்டம் இல்லை" என்ற அந்த வார்த்தை அரபு நாடுகளில் நெடுநாள் மறக்கப்படவில்லை.

1976இல் ஒரு ஜேர்மன் துளையிடும் கம்பனி, டொய்ச்ச ஷக்ட்பௌ, ராஸ் அல் கைமாவில் எண்ணெய் தேடும் ஒப்பந்தமொன்றில் சேர்ந்தது. மறுபக்கத்தில் ராஸ் அல் கைமா அரசும், ராக்கொயில் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அதன் தேசிய எண்ணெய்க் கம்பனியும். தகராறு வந்தால் சர்வதேச வர்த்தக சம்மேளனத்தின் விதிகளின்படி ஜெனீவாவில் நடுத்தீர்ப்பு என்று எழுதப்பட்டிருந்தது. எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று எழுதவில்லை.

தகராறு வந்தது. ஜேர்மன் கம்பனி ஜெனீவாவுக்குப் போனது. ராக்கொயில் தனது ஊர் நீதிமன்றத்திற்குப் போனது. பொய்யான தகவல்களைச் சொல்லி எங்களைச் சம்மதிக்க வைத்தார்கள், ஆகவே ஒப்பந்தத்தை இரத்துச் செய்யுங்கள் என்று கேட்டது. ஜெனீவா, ஜேர்மன் கம்பனிக்கு 46 இலட்சம் டொலருக்கு மேல் கொடுக்கும்படி 1980இல் தீர்ப்பளித்தது. ஒப்பந்த உறவுகளை ஆளும், சர்வதேச ரீதியாக ஏற்கப்பட்ட சட்டக் கோட்பாடுகளின்படி முடிவெடுத்ததாக நடுத்தீர்ப்பாளர்கள் சொன்னார்கள். ராஸ் அல் கைமா நீதிமன்றமோ ராக்கொயிலின் பக்கம் தீர்த்தது. ஒரே ஒப்பந்தம், இரண்டு தீர்ப்புகள். ஒன்றின்படி அது செல்லும், மற்றதன்படி செல்லாது.

ஜேர்மன் கம்பனி ராக்கொயிலின் பணம் எங்கே இருக்கிறது என்று தேடியது. ராக்கொயிலிடம் எண்ணெய் வாங்கிய ஷெல் கம்பனி அதற்குக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. அந்தக் காசை எங்களுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று லண்டன் நீதிமன்றத்தில் கேட்டார்கள். எனக்குக் கடன் தர வேண்டியவன் தராவிட்டால், அவனுக்குக் கடன்பட்டவனிடம் வாங்கித் தரும்படி மன்றைக் கேட்கும் வழி இது.

1987இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் சேர் ஜோன் டொனால்ட்சன் தலைமையில் ஜேர்மன் கம்பனிக்குச் சாதகமாகத் தீர்த்தது. குறிப்பிட்ட நாட்டின் சட்டத்தைச் சொல்லாமல் பொதுக் கோட்பாடுகளைப் பிரயோகித்ததால் மட்டும் தீர்ப்புக் கெட்டுவிடாது என்றது. கட்டுப்படும் எண்ணம் இருந்ததா, நிறைவேற்றக்கூடிய அளவுக்குத் தெளிவு இருந்ததா, பொதுக்கொள்கைக்கு முரணா என்ற மூன்றையும் பார்த்தால் போதும். அன்றிலிருந்து உலகின் பல சட்டக் கல்லூரிகளில் இந்த வழக்குப் படிப்பிக்கப்படுகிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1988இல் பிரபுக்கள் சபை, ஷெல்லிடமிருந்து வசூலிக்கும் கட்டளையை நீக்கிவிட்டது. காரணம் எளிமையானது. லண்டனில் ஷெல் ஜேர்மன் கம்பனிக்குக் காசைக் கட்டினாலும், அந்தக் கடன் தீர்ந்ததாக ராஸ் அல் கைமா நீதிமன்றம் ஏற்கப்போவதில்லை. அங்கே இரண்டாம் முறையும் கட்ட வேண்டிய உண்மையான ஆபத்து இருந்தது. மூன்றாம் ஆளை இருமுறை கட்டவைப்பது நீதியாகாது. ஜெனீவாத் தீர்ப்பு சரியாகவே இருக்கட்டும், வசூலிக்க இந்த வழி இல்லை.

எட்டு வருடம், மூன்று நாடுகள், பெரிய பெரிய வழக்கறிஞர்கள். 1951இல் வளைகுடாவில் சட்டமே இல்லையென்று சொல்லப்பட்டது. 1988இல் அதே கரையின் ஒரு சின்ன நீதிமன்றம் என்ன செய்யும் என்ற பயம் பிரபுக்கள் சபையின் தீர்ப்பை மாற்றியது. அந்த நீதிமன்றம் சொன்னது நியாயமா என்பது தனி விவாதம். நான் கவனிப்பது ஒன்றைத்தான். சொந்த மன்று இருக்கிறவனுக்கு எதிராக ஒப்பந்தத்தை நிறைவேற்றுவிப்பது கடினம். இன்றும் அமீரகத்தின் சமஷ்டி நீதிமன்றங்களுக்கு வெளியே தனக்கென நீதித்துறை வைத்திருக்கும் எமிரேட்டுகளில் ராஸ் அல் கைமாவும் ஒன்று.

இந்த இடத்தில் எங்கள் நாட்டு ஞாபகம் வராமல் இருக்காது. 1957 ஜூலை 26இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் உடன்படிக்கை செய்தார்கள். 1958 ஏப்ரலில் அது கிழிக்கப்பட்டது. 1965இல் டட்லியும் செல்வநாயகமும் செய்தார்கள், அது நிறைவேறவில்லை. இவற்றைச் சட்டப்படி ஒப்பந்தம் என்று சொல்வதே கடினம். அரசியல் வாக்குறுதியைக் கொண்டுபோய்க் கொடுத்து நிறைவேற்றச் சொல்ல ஒரு மன்று இருக்கவில்லை. எங்கள் பெரியவர்கள் கையெழுத்தை நம்பினார்கள். கையெழுத்துக்குப் பின்னால் யார் நிற்பார்கள் என்ற கேள்வி அப்படியே நின்றது.

ஆனால் அதே காலத்தில் ஒரு தமிழர் உண்மையான ஒப்பந்த வழக்கொன்றை நடத்தினார். அரச எழுதுவினைஞரான கோடீஸ்வரன், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாததற்காகத் தனக்கு 1962இல் சம்பள உயர்வு மறுக்கப்பட்டதை எதிர்த்து அரசின்மேல் வழக்குப் போட்டார். 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்த்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. அது சொன்ன காரணம் மொழிச் சட்டத்தைப் பற்றியதே அல்ல: அரச ஊழியன் தன் சம்பளத்திற்காக முடியின்மேல் வழக்குப் போட முடியாது. அதாவது வேலை உண்டு, சம்பளம் பேசியது உண்டு, கேட்கத்தான் முடியாது. 1969 டிசம்பரில் லண்டன் கோமறைக் கழகத்தில் டிப்லொக் பிரபு இதை மறுத்தார். இலங்கையில் அரச ஊழியர்கள் சம்பளத்தை வழக்கிட்டுப் பெறலாம் என்பது பழைய ஒல்லாந்தர் காலச் சட்டத்தையும் ஆராய்ந்து அவர் கண்ட முடிவு. மொழிச் சட்டம் அரசியலமைப்பின் 29ஆவது பிரிவுக்கு முரணா என்ற கேள்வி கொழும்புக்கே திருப்பி அனுப்பப்பட்டது. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972இல் புதிய அரசியலமைப்பு வந்து 29ஆவது பிரிவையே இல்லாமல் செய்தது. கேள்விக்குக் கடைசிவரை பதில் கிடைக்கவில்லை. ஆனாலும் சம்பளம் கேட்கும் உரிமை நிலைநாட்டப்பட்டது. அது சின்ன விஷயமில்லை.

4

இனி எங்களுடைய கையெழுத்து. யாழ். பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்து இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன நான், பாரிஸுக்கு வந்து சேருவதற்கு முன் ராஸ் அல் கைமாவில் அல் நகீல் பக்கம் ஒரு ரெஸ்ரோரன்டில் மூன்று வருடம் வேலை செய்தேன். 2013இல் கொழும்பில் ஏஜென்சிக்காரர் தந்த கடதாசியில் வெயிற்றர் வேலை, 1,500 திர்ஹம் சம்பளம். அங்கே இறங்கி ஒரு கிழமையில் இன்னொரு கடதாசி வந்தது. அரபியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. குசினி உதவியாள், 1,000 திர்ஹம். ஏஜென்சிக்குக் கட்டக் கைமாற்று வாங்கிய காசு ஊரில் வட்டியோடு ஏறிக்கொண்டிருந்தது. கடவுச்சீட்டு முதலாளியின் மேசை லாச்சிக்குள் இருந்தது. என்னுடன் வந்த ஐந்து பேரும் கையெழுத்திட்டோம்.

அந்தக் குசினியில் வேலைசெய்த மலையாளிகள், வங்காளிகள், நேபாளிகள் எல்லோரிடமும் இரண்டு கடதாசிக் கதை இருந்தது. ஆங்கிலத்தில் இதற்கு ஒப்பந்த மாற்றீடு என்ற பொருளில் தனிப்பெயரே உண்டு. முதற்கூறிய அடிப்படைகளை வைத்துப் பார்த்தால் இரண்டாவது கையெழுத்தில் சுயசம்மதம் எவ்வளவு? யாரும் கத்தி காட்டவில்லை. ஆனால் மறுத்தால் கடனோடு திரும்ப வேண்டும். இதைப் பலவந்தம் என்று பெரும்பாலான நீதிமன்றங்கள் ஏற்பதில்லை; ஏழ்மை பலவந்தத்தில் சேராது. முதற்கடதாசி? அது செல்லுகின்ற ஒப்பந்தமே. ஆனால் அதை எழுதியவர் கொழும்பில், வேலை வாங்குபவர் ராஸ் அல் கைமாவில். அங்குள்ள அமைச்சில் பதிவானது இரண்டாவது மட்டும். ஜேர்மன் கம்பனிக்கு நேர்ந்தது போலவே, இரண்டு ஊர், இரண்டு கடதாசி, ஆள் இருக்கும் இடத்தில் செல்லுவது ஒன்று.

அதன் பின் மாற்றங்கள் வந்திருக்கின்றன. அவற்றையும் எழுதுவது கடமை. 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த தொழில் அமைச்சின் விதிகளின்படி, நாட்டை விட்டுப் புறப்படுவதற்கு முன் தொழிலாளி கையெழுத்திடும் வேலைவாய்ப்புக் கடிதமும், அங்கே பதிவாகும் ஒப்பந்தமும் ஒத்திருக்க வேண்டும். அரபு, ஆங்கிலத்துடன் தொழிலாளிக்கு விளங்கும் மொழியும் கடிதத்தில் இருக்க வேண்டும். அப்படித் தெரிவு செய்யக்கூடிய மொழிகளில் தமிழும் ஒன்று. 2022 பெப்ரவரியில் அமுலுக்கு வந்த புதிய தொழிற்சட்டம், ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் அறவிடுவதையும், அவருடைய ஆவணங்களைப் பிடித்து வைப்பதையும் தடைசெய்கிறது. 50,000 திர்ஹத்துக்கு மேற்படாத கோரிக்கைகளை 2024 தொடக்கம் அமைச்சே தீர்க்கலாம். வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டம். எங்கள் பெண்களில் பலர் போவது அந்த வேலைக்குத்தான். அவர்களின் உறவினர் இதைத் தனியாக விசாரித்து அறிய வேண்டும்.

சட்டம் எழுதப்பட்டுவிட்டது என்பதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. 1892இலும் எழுத்து இருந்தது, 1957இலும் இருந்தது. விமான நிலையத்தில் இறங்கும் பையனுக்கு யாரிடம் போய் முறையிடுவது என்று தெரியாவிட்டால், தமிழில் அச்சடித்த கடிதமும் லாச்சிக்குள்தான் கிடக்கும். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஷேக் சக்ருக்குப் போக ஒரு மன்று இருக்கவில்லை. செல்வநாயகத்துக்கும் இருக்கவில்லை. கோடீஸ்வரனுக்கு இருந்தது, அவர் போனார். இன்று வளைகுடாவிலிருக்கும் ஒரு குசினி உதவியாளுக்கும் அப்படி ஒரு கதவு, ஒடுக்கமானதென்றாலும், திறந்திருக்கிறது.

அதற்குள் நுழைய வேண்டுமானால் கையில் சில சாமான்கள் வேண்டும். முதற்கடிதத்தின் பிரதியை ஊரில் ஒருவரிடமும் கைத்தொலைபேசியிலும் வைத்திருக்க வேண்டும். சம்பளம் வங்கி மூலம் வந்தால் அந்தப் பதிவுகளைக் காப்பாற்ற வேண்டும். விளங்காத மொழியில் இருப்பதை மொழிபெயர்த்துக் கேட்க வேண்டும். கோரிக்கைக்குக் காலவரையறை உண்டு என்பதை மறக்கக் கூடாது; முன்னர் ஒரு வருடமாக இருந்தது, 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு வருடம். ஊர் திரும்பியபின் யோசிக்கலாம் என்று விட்டவர்கள் பலரின் சம்பளம் இப்படித்தான் போனது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கும் எங்களில் பெரும்பாலோருக்கு அங்கே ஒரு தம்பியோ மச்சானோ மருமகனோ இருக்கிறான். இந்த மாதம் காசு அனுப்பக் கதைக்கும்போது, என்ன கடதாசியில் கையெழுத்திட்டாய், அதன் பிரதி எங்கே என்று அவனிடம் ஒருமுறை கேளுங்கள்.